குழந்தைகளின் குடலிறக்கமும் தாமதத்தின் விலையும்

டில்லியில் கரோல் பாகிலிருந்து மேற்கே படேல் நகர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை புசா ரோடு எனப்படுகிறது. பீகாரில் புசா என்னும் ஊரில் இயங்கிவந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தில் சேதமுற்றமையால் 1936-இல் தலைநகருக்கு மாற்றப்பட்டது. நிலையத்தோடு ஊரின் பெயரும் குடிபெயர்ந்தது. இச்சாலையை ஒட்டி அமைந்துள்ள பெரிய மருத்துவமனைகளும் இவ்வாறு குடிபெயர்ந்தவையே. சர் கங்காராம் மருத்துவமனை 1921-இல் லாகூரில் தோன்றியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர் 1954-இல் சாலைக்குச் சற்று உள்ளே, ராஜிந்தர் நகரில் மீண்டும் திறக்கப்பட்டது. டாக்டர் பி. எல். கபூர் லாகூரில் தொடங்கிய மருத்துவப் பணி, 1959-இல் பிரதமர் நேரு அவர்கள் திறந்துவைத்த மருத்துவமனையாகப் புசா ரோட்டிலேயே நிலைபெற்றது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கு உண்டு. ஆகவே கரோல் பாகில் ஒரு தலைமுறையாவது வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சாலை புதிதன்று.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிற்குள், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை 1956 முதல் பணியாற்றி வருகிறது. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது. நாட்டில் இதைவிட மருத்துவ வசதி செறிந்த பகுதிகள் மிகச் சிலவே. எனினும் சுமார் அரை மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை ஒரு குழந்தைக்கு உரிய காலத்தில் கிடைப்பது, மருத்துவமனை எவ்வளவு அருகில் உள்ளது என்பதை மட்டும் பொறுத்ததன்று. குழந்தைகளுக்கு வரும் தொடையிடுக்குக் குடலிறக்கம் இதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

மூடாத வாயில்

பெரியவர்களுக்கு வரும் குடலிறக்கத்தையும் குழந்தைகளுக்கு வரும் குடலிறக்கத்தையும் ஒரே பெயரால் அழைப்பதால் விளையும் குழப்பம் சிறிதன்று. பாரம் தூக்குவதாலும், நாட்பட்ட இருமலாலும், முதுமையாலும் வயிற்றுச் சுவர் தளர்வது பெரியவர்களின் நோய். குழந்தையின் வயிற்றுச் சுவரோ திடமாகவே இருக்கிறது. அங்கு நேர்வது வேறு.

ஆண் சிசுவின் விரைகள் கருவில் முதலில் வயிற்றினுள், சிறுநீரகங்களுக்கு அருகில் உருவாகின்றன. கருவின் ஏழாம் மாத அளவில் அவை தொடையிடுக்கின் வழியாக விரைப்பைக்கு இறங்குகின்றன. அவை இறங்கும் வழியில் வயிற்றின் உள்ளுறையும் ஒரு விரலைப் போல் நீண்டு உடன் வருகிறது. இறங்கும் வேலை முடிந்ததும் இந்த நீட்சி தானாக மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பிறப்பை ஒட்டியோ, பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலோ அது மூடிவிடுகிறது. சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. அப்பொழுது வயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இடையே ஒரு வாயில் திறந்தே இருக்கும். குழந்தை வீறிட்டு அழும்போதும் மலம் கழிக்க முக்கும்போதும் குடலின் ஒரு மடிப்பு அதன் வழியே வெளியேறித் தோலுக்கடியில் புடைத்து நிற்கும். குழந்தை உறங்கியதும் உள்ளே சென்று மறைந்துவிடும்.

வலப்பக்க விரை பிந்தி இறங்குவதால் அப்பக்கத்து வாயிலும் பிந்தியே மூடுகிறது. ஆகையால் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஆறு பேருக்கு வலப்பக்கத்திலும், மூவருக்கு இடப்பக்கத்திலும், ஒருவருக்கு இருபுறமும் இந்நோய் காணப்படுகிறது. பெண் குழந்தைகளுக்கு வருவது குறைவு. ஆனால் வராது என்று எண்ணுவது தவறு. பெண் சிசுவின் தொடையிடுக்கில் பாதாம் பருப்பளவில் ஒரு கட்டி தென்படுமாயின் அது குடலாக இல்லாமல் இறங்கி வந்த சூலகமாகவே இருக்கக்கூடும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இந்நோய் உண்டு என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மதிப்பீடு. நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. நூற்றுக்கு ஒன்று என்ற குறைந்த அளவைக் கொண்டாலும், ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படும்.

சுசுருத சங்கிதை விரைப்பை வீக்கத்தை ஏழு வகையாகப் பிரித்து, அவற்றுள் நீரால் வருவதையும் குடலால் வருவதையும் தனித்தனியே கூறுகிறது. இப்பாகுபாடு இன்றும் நம் வீடுகளில் தெளிவுபடவில்லை என்பதுதான் வியப்பு.

பொறுத்திருக்கலாம் என்ற அறிவுரை

குழந்தையின் உடலில் அடிவயிற்றை ஒட்டித் தோன்றும் வீக்கங்கள் முக்கியமாக மூன்று. முதலாவது தொப்புள் புடைப்பு. இது பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் தானே சரியாகிவிடும். தொப்புளின்மேல் நாணயத்தை வைத்துத் துணியால் கட்டும் பாட்டிமார் தங்கள் வைத்தியத்துக்குப் பெருமை கொள்வது இயல்பே. நாணயம் இல்லாதிருந்தாலும் அது சரியாகியிருக்கும். இரண்டாவது விரைப்பையில் நீர் தேங்குதல். நாட்டுப்புறத்தில் ஓதம் என்பார்கள். கைக்குழந்தைகளிடம் இதுவும் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் வற்றிவிடும். மூன்றாவது குடலிறக்கம். இது தானே சரியாவதில்லை.

முதலிரண்டிற்கும் பொறுத்திருக்கலாம் என்ற அறிவுரை முற்றிலும் சரியானது. அதே அறிவுரை மூன்றாவதற்கும் வழங்கப்படுவதே தாமதத்தின் முதற்காரணம். அதை வழங்குபவர் எப்பொழுதும் பாட்டியார் அல்லர். குழந்தை சற்றுப் பெரிதாகட்டும், எடை கூடட்டும், பள்ளியில் சேரும் முன்னர் செய்துகொள்ளலாம் என்று மருத்துவம் பயின்றவர்களே சொல்லிவிடுவதும் உண்டு. மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து மிகுந்ததாக இருந்த ஒரு காலத்தில் இந்த அறிவுரைக்குப் பொருள் இருந்தது. அக்காலம் கடந்தும் அறிவுரை மட்டும் தங்கிவிட்டது. இடுப்பில் பட்டி கட்டிக் குடலை உள்ளே நிறுத்திவைக்கும் பழைய முறையும் அத்தகையதே. திறந்த வாயிலை மூடும் ஆற்றல் பட்டிக்குக் கிடையாது. தோலைப் புண்ணாக்கும் ஆற்றல் மட்டும் உண்டு.

நோயை அறிவது கடினமன்று. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் தோன்றிய புடைப்பு, மருத்துவர் முன்னிலையில் குழந்தை அமைதியாகக் கிடக்கும்போது மறைந்துவிடும். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் தாய் மறுமுறை வரத் தயங்குவாள். கூலி இழந்து வந்தவளாயின் வரவே மாட்டாள். இப்பொழுது கைப்பேசி இதற்கு எளிய தீர்வாகியுள்ளது. புடைப்பு தெரியும் வேளையில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினால் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் அதனைத் தக்க சான்றாக ஏற்கிறார்கள். தாயின் சொல்லையே சான்றாகக் கொள்ளும் நிபுணர்கள் முன்பும் இருந்தார்கள் என்பதையும் கூறவேண்டும்.

குடல் சிக்கும்போது

வெளியே வந்த குடல் திரும்பிச் செல்ல இயலாமல் குறுகிய வாயிலில் சிக்கிக்கொள்வதே இந்நோயின் பேராபத்து. குழந்தையின் வாயில் சிறிதாக இருப்பதால் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது அதிகம். குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகம். மென்மையாக இருந்த புடைப்பு கெட்டிப்படும். குழந்தை ஓயாமல் அழும், பாலை மறுக்கும், வாந்தி எடுக்கும். வாந்தி பச்சை நிறமாக மாறினால் குடல் அடைபட்டுவிட்டது என்பது பொருள். சில மணி நேரத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குடலின் அப்பகுதி அழுகத் தொடங்கலாம். விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் அதே வழியில் நெருக்கப்படுவதால் அவ்விரை சுருங்கிப் பயனற்றுப் போவதும் உண்டு.

இந்நிலையில் மருத்துவமனைக்கு வந்துசேரும் குழந்தைக்கு வலியடக்கும் மருந்து கொடுத்து, பொறுமையாகக் கையால் அழுத்திக் குடலை உள்ளே அனுப்ப மருத்துவர் முயல்வார். பெரும்பாலோரிடம் இம்முயற்சி பலிக்கும். வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு அறுவைச் சிகிச்சை செய்யப்படும். பலிக்காவிடில் உடனே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். அழுகிய குடலை வெட்டி ஒட்டவைக்க நேர்ந்தால், அது அரை மணி நேரச் சிகிச்சையாக இருக்காது. ஒரு குடும்பத்தின் சில ஆண்டுச் சேமிப்பை விழுங்கும் நிகழ்ச்சியாகிவிடும்.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதற்குக் கனடாவின் ஒண்டேரியோ மாநிலத்து அனுபவம் ஓர் அளவைத் தருகிறது. 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நோய் கண்டறியப்பட்ட பின்னர் பதினான்கு நாட்களுக்கு மேல் காத்திருந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடல் சிக்கும் ஆபத்து இரு மடங்காயிற்று. ஒண்டேரியோவில் பதினான்கு நாள் காத்திருப்பு ஒரு குறையாகப் பேசப்படுகிறது. நம் நாட்டின் பல பகுதிகளில் பதினான்கு மாதம் காத்திருப்பதைக்கூட யாரும் குறையாகக் கருதுவதில்லை.

இவ்விதிக்கு ஒரு விலக்கு இருப்பதையும் குறிப்பிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் இந்நோய் மிக அதிகம். மிகவும் முன்னதாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு முப்பது வரை காணப்படலாம். இவர்களுக்கு மயக்க மருந்துக்குப் பின் மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் நடைபெற்று 2024-இல் வெளியான ஒரு பரிசோதனையில், தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியேறும் முன்னரே அறுவைச் சிகிச்சை பெற்ற குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 28 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. சற்றுப் பிந்திச் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கே நேர்ந்தன. ஆகவே இவர்கள் விஷயத்தில் அவசரம் கூடாது. ஆயினும் அங்குக் காத்திருந்த குழந்தைகள் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தார்கள். அந்தக் கண்காணிப்பை விட்டுவிட்டுக் காத்திருப்பை மட்டும் நாம் எடுத்துக்கொள்வது பொருந்தாது.

வளர்ச்சித் திட்டங்களை ஆராய்வோர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-இல் நம் நாட்டில் சுமார் 30 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. மாவட்ட மருத்துவமனைகளில் நிறுவப்பட்டுள்ள சிறப்புச் சிசு பராமரிப்புப் பிரிவுகள், முன்பு உயிர் பிழைத்திருக்க இயலாத பல குழந்தைகளைக் காப்பாற்றி வருகின்றன. அவர்களில் கணிசமானோர் சில வாரங்களில் குடலிறக்கத்துடன் திரும்பி வருவார்கள். ஒரு திட்டத்தின் வெற்றி அடுத்த திட்டத்தின் தேவையை உண்டாக்குகிறது.

அறுவைச் சிகிச்சை

நோயின் காரணம் எளிதாக இருப்பதால் சிகிச்சையும் எளிது. தொடையிடுக்கின் தோல் மடிப்பிலேயே சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் கீறல் இடப்படும். விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் ஒரு கொடியாகப் பின்னி வரும் இடத்தில், அவற்றின்மேல் படிந்திருக்கும் மெல்லிய பை கண்டறியப்படும். விந்துக் குழாய் ஒரு நூலிழை அளவே இருக்கும். சிசுவின் பையோ வெங்காயத் தோலைவிட மெல்லியது. குழாய்களுக்குச் சேதமின்றி அப்பையைப் பிரித்தெடுப்பதில்தான் கைத்திறன் அனைத்தும் அடங்கியுள்ளது. பிரித்த பையை அதன் கழுத்து வரை, அதாவது வயிற்றுக்குள் நுழையும் இடம் வரை தொடர்ந்து சென்று, அங்கு நூலால் கட்டி, மிஞ்சிய பகுதியை வெட்டிவிடுவார்கள். அவ்வளவே. பெரியவர்களுக்குப் போல் தசைகளை இழுத்துத் தைப்பதோ செயற்கை வலை பொருத்துவதோ தேவையில்லை.

இந்த எளிமையை மருத்துவ உலகம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. 1880-களில் இத்தாலிய நிபுணர் பாசினி பெரியவர்களுக்கு வகுத்த முறை புகழ்பெற்றபின், குழந்தைகளுக்கும் தசைகளைத் தைப்பதே வழக்கமாகிவிட்டது. பையைக் கட்டினால் மட்டும் போதும் என்பதை 1950-இல் சிகாகோ நகரத்து வில்லிஸ் பாட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் தெளிவாக எடுத்துரைத்தார்கள். அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. திட்டமிட்டுச் செய்யப்படும் சிகிச்சைக்குப்பின் நோய் திரும்புவது அரிது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே உள்ளது. குடல் சிக்கிய பிறகு அவசரமாகச் செய்யும்போது இந்த அளவு பல மடங்கு உயர்கிறது. வீங்கிய பை ஈரக் காகிதம்போல் கிழியும் என்பதே காரணம்.

லாப்ரோஸ்கோப் என்னும் நுண்துளைக் கருவியால் செய்யும் முறை அண்மைக் காலத்தில் பெருநகரங்களில் பரவியுள்ளது. மறுபக்கத்து வாயிலும் திறந்துள்ளதா என்று அதே சமயம் பார்த்துவிடலாம் என்பது அதன் நன்மை. ஆனால் திறந்த முறையில் தேர்ந்த கரங்கள் இருக்குமிடத்தில், கருவி இல்லை என்பதற்காகக் குழந்தையைத் தொலைதூரம் அனுப்ப வேண்டிய அவசியம் ஏதுமில்லை.

மயக்க மருந்து என்னும் தடை

பெற்றோர் அஞ்சுவது கத்தியை அன்று, மயக்க மருந்தை. இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. இளம் விலங்குகளின் மூளையை மயக்க மருந்துகள் பாதிப்பதாகக் கண்ட ஆய்வுகள் மருத்துவர்களையே கவலைக்குள்ளாக்கின. அக்கவலையைத் தீர்க்க, தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை பெறும் சிசுக்களையே தேர்ந்தெடுத்து ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில் ஒரு பெரும் பரிசோதனை நடத்தப்பட்டது. 722 சிசுக்களில் ஒரு பகுதியினர் முழு மயக்கத்திலும், மற்றவர்கள் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி விழித்த நிலையிலும் சிகிச்சை பெற்றார்கள். ஐந்து வயதில் அவர்களின் அறிவுத்திறன் சோதிக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட முழு மயக்கத்தால் எவ்வித வேறுபாடும் ஏற்படவில்லை என்று 2019-இல் முடிவு வெளியாயிற்று. தயங்கும் தாய் தந்தையரிடம் இச்செய்தியைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பெற்றோரின் அச்சம் நீங்கினாலும் வேறொரு தடை நிற்கிறது. சிசுவுக்கு மயக்க மருந்து கொடுக்கப் பயின்ற நிபுணர்கள் மாவட்டத் தலைநகரங்களிலேயே குறைவு. மகப்பேற்று அவசரங்களுக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குப் பதினெட்டு வாரப் பயிற்சியளித்து மயக்க மருந்து கொடுக்கச் செய்யும் திட்டம் நம் நாட்டில் உண்டு. பல தாய்மாரைக் காத்த திட்டம் அது. ஆனால் அப்பயிற்சி மூன்று கிலோ எடையுள்ள சிசுவை மயக்கத்தில் ஆழ்த்தி மீட்பதற்குப் போதுமானதன்று. அதற்காக அது வகுக்கப்படவும் இல்லை. அறுவை மருத்துவர் இருந்தும், கூடம் இருந்தும், கட்டில் இருந்தும், இந்த ஒருவர் இல்லாமையால் குழந்தை டில்லிக்கோ சென்னைக்கோ அனுப்பப்படுகிறது.

வயதை வைத்து வேலையைப் பகிர்ந்துகொள்வதே நடைமுறைக்கு உகந்தது எனத் தோன்றுகிறது. இரண்டு மூன்று வயதைக் கடந்த, வேறு நோயற்ற குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பொது அறுவை மருத்துவர் மாவட்ட மருத்துவமனையிலேயே இதனைச் செய்யலாம். ஒரு வயதுக்குட்பட்டோரும் குறைமாதத்தில் பிறந்தோரும் மட்டும் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவுள்ள இடங்களுக்குச் செல்ல வேண்டும். இப்பொழுது நடப்பது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. பெருநகரத்து மருத்துவமனையின் நீண்ட பட்டியலில் ஐந்து வயதுக் குழந்தையும் ஐந்து வாரச் சிசுவும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கிறார்கள்.

செலவும் கட்டிலும்

இச்சிகிச்சைக்குக் கட்டிலே பெரும்பாலும் தேவையில்லை என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவியவர் ஜேம்ஸ் நிக்கோல். கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு, வெளிநோயாளர் பிரிவிலேயே அறுவைச் சிகிச்சை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவந்தார். பத்தாண்டுகளில் 8,988 சிகிச்சைகள் இவ்வாறு செய்யப்பட்டதாக 1909-இல் அவர் அறிவித்தார். குடலிறக்கமும் அவற்றுள் அடங்கும். தாயின் மடியைவிடச் சிறந்த கட்டில் சிசுவுக்கு இல்லை என்பதே அவர் கொள்கையின் சாரம். வீடுகளுக்குச் சென்று பார்க்கச் செவிலியரையும் ஏற்பாடு செய்திருந்தார். குறைமாதச் சிசுக்களை மட்டும் மூச்சைக் கண்காணிப்பதற்காக ஓரிரவு தங்கவைப்பது இன்றைய வழக்கம்.

கரோல் பாகில் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் எட்டு மாதக் குழந்தைக்கு இந்நோய் இருப்பதாகக் கொள்வோம். உரிய காலத்தில் வந்தால், பரிசோதனைக்கு இரண்டு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள், வீட்டில் உடனிருக்க இரண்டு நாள் என ஐந்து நாள் கூலி இழப்புடன் கணக்கு முடிகிறது. குடல் அழுகிய பின்னர் வந்தால் தாய் தந்தை இருவரும் வாரக்கணக்கில் மருத்துவமனை வாயிலில் இருக்க நேரும். வேலையே போய்விடவும் கூடும். மருத்துவமனைக்கும் இழப்பு உண்டு. ஒரு குழந்தை பத்து நாள் படுத்திருக்கும் கட்டிலில், அத்தனை நாளும் நாளொன்றுக்கு ஒரு குழந்தையாகப் பத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்திருக்கலாம்.

தொழிலாளி அறிந்திராத ஓர் உரிமையும் இச்சாலையில் அவருக்கு உண்டு. சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் மருத்துவமனைகள், உள்நோயாளர் கட்டில்களில் பத்து சதவிகிதத்தையும் வெளிநோயாளர் சிகிச்சையில் இருபத்தைந்து சதவிகிதத்தையும் ஏழைகளுக்கு முற்றிலும் இலவசமாக வழங்க வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் வழங்கிய தீர்ப்பு இக்கடமையை மேலும் உறுதிப்படுத்தியது. டில்லி அரசு வெளியிடும் பட்டியலில் புசா ரோட்டு வட்டாரத்து மருத்துவமனைகளும் உள்ளன. இலவசம் என்பது மருந்துக்கும் பரிசோதனைக்கும் சேர்த்தே பொருள்படும். இதற்கு வருமானச் சான்று வேண்டும். குடிபெயர்ந்து வந்தவரின் சான்றுகள் சொந்த ஊரில் இருப்பதே வழக்கம். குடல் சிக்கிய பின்னர் சான்றுக்கு அலைய நேரம் இராது. திட்டமிட்ட சிகிச்சைக்கு முன்போ அதனைத் தேடிப் பெறப் போதிய அவகாசம் உண்டு.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது. டில்லி 2025-இல் அதில் இணைந்தது. எனினும் காப்பீடு மருத்துவமனைக்குள் நுழைந்த பின்னரே பயன் தரும். நுழைய வேண்டும் என்று சொல்ல முன்னதாக ஒருவர் வேண்டும்.

அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைத் தேடிச் சென்று சோதிக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. முப்பது உடல்நலக் குறைகளை அது பட்டியலிட்டுள்ளது. பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், பிறவிக் கண்புரை, இதயக் கோளாறு முதலான ஒன்பது பிறவிக் குறைகள் அவற்றுள் உள்ளன. குடலிறக்கம் இல்லை. பட்டியலில் இருப்பவை ஒவ்வொன்றும் இருக்கத் தகுந்தவையே. ஆனால் அவற்றுள் பலவற்றைவிட இது பரவலானது. கண்டறிய எந்தக் கருவியும் வேண்டாதது. ஒரே சிகிச்சையில் முழுமையாகத் தீர்வது. 2015-இல் உலக வங்கியின் ஆதரவில் வெளியான நோய்த்தடுப்பு முன்னுரிமைகள் பற்றிய தொகுதி, எல்லா நாடுகளும் தம் மக்களுக்கு வழங்க வேண்டிய 44 அடிப்படை அறுவைச் சிகிச்சைகளுள் குடலிறக்கத்தையும் சேர்த்துள்ளது. சோதிக்கும் மருத்துவக் குழு ஏற்கெனவே கிராமத்துக்குச் செல்கிறது. குழந்தையின் உடை களையப்பட்டு எடையும் பார்க்கப்படுகிறது. தாயிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பதற்குத் தனி ஒதுக்கீடு தேவைப்படாது. அழும்போது தொடையிடுக்கில் ஏதேனும் புடைக்கிறதா என்பதே அக்கேள்வி.

வீடு திரும்புதல்

சிகிச்சை நாளன்று குழந்தை வெறும் வயிற்றுடன் வரவேண்டும். எனினும் இரவு முழுவதும் பட்டினி போடுவது தவறு. தாய்ப்பாலைப் பொதுவாக நான்கு மணி நேரம் முன்பு வரையும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்பு வரையும் கொடுக்கலாம். மயக்கத்தில் இருக்கும்போதே முதுகின் அடியில் செலுத்தப்படும் வலியடக்கும் மருந்தினால், விழித்தபின் சில மணி நேரம் குழந்தைக்கு வலி தெரியாது. பால் குடித்து, சிறுநீர் கழித்து, மூச்சு சீராக இருப்பின் மாலையில் அனுப்பிவிடுவார்கள். தையல்கள் பெரும்பாலும் தாமே கரைபவை. பிரிக்க வர வேண்டியதில்லை. விரைப்பையில் சில நாட்களுக்குச் சிறு வீக்கம் இருப்பது இயல்பு. காய்ச்சலோ சிவந்த நிறமோ தோன்றினால் உடனே திரும்ப வேண்டும்.

அனுப்பும் சீட்டில் எழுதப்பட வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. ஒரு பக்கம் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்குப் பின்னொரு நாள் மறுபக்கத்திலும் இந்நோய் தோன்றுகிறது. இதனைத் தாய்க்கு அவள் மொழியில், படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அது ரேஷன் அட்டையுடன் மடித்துவைக்கப்பட்டு விடும்.